21 என்ற எண்ணைப் பூட்டி வைக்கலாமா?



ஞாயிற்றுக்கிழமை என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். அவசரம் இல்லாதவர்கள் படியுங்கள். அவசரம் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். படிக்காமலே லைக் போடுபவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், வகுப்பிலேயே தெரியும்!

மகள் குடும்பத்தோடு சில மாதங்கள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் தங்கியிருந்தேன். வெங்கடேஸ்வரர் கோயில் இருக்கிற ஊர் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே ஆற்றைக் கடக்கும் மஞ்சள் நிறப் பாலம் ஒன்றுக்கு ராபர்ட்டோ கிளெமென்டே பாலம் என்று பெயர். பாலத்தைத் தாண்டினால் பேஸ்பால் மைதானம், வாசல் பக்கத்திலேயே அவருடைய சிலை. மைதானத்தின் வலதுபக்கச் சுவர் சரியாக 21 அடி உயரம். அது அவர் முதுகில் அணிந்த எண். யார் இந்த மனிதர் என்று கேட்கப்போய், ஒரு பெரிய வழக்கே எனக்குத் தெரியவந்தது. அந்த 21 என்ற எண்ணை இனி எந்த அணியிலும் யாருமே அணியக்கூடாது என்று அமெரிக்க பேஸ்பாலின் மேஜர் லீக் முழுமைக்கும் உத்தரவு போட வேண்டுமா, வேண்டாமா? பல வருடங்களாக நடக்கும் விவாதம் இது.

"டீச்சர், நீங்க கிரிக்கெட்டே பார்க்க மாட்டீங்களே" என்று சிரிக்காதீர்கள். இது விளையாட்டைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. நல்ல மனிதர்களை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது என்கிற கேள்வி. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். மனிதர்கள் ஓய்வு பெறுவது நமக்குத் தெரியும். விளையாட்டில் எண்களும் ஓய்வு பெறும், பென்ஷன் மட்டும் கிடையாது. பெரிய வீரர் ஒருவர் அணிந்த எண்ணை அவருக்குப் பிறகு யாருக்கும் தராமல் ஒதுக்கி வைப்பதுதான் அது. டெண்டுல்கரின் 10, தோனியின் 7 ஆகியவற்றை நம் கிரிக்கெட் வாரியம் ஒதுக்கி வைத்ததாகச் செய்திகள் வந்தபோது நீங்களும் படித்திருப்பீர்கள்.

பேஸ்பாலில் இந்த வழக்கம் பழையது. 1929-இல் நியூயார்க் யாங்கீஸ் கிளப் தன் வீரர்களின் முதுகில் எண் போட்டது. அப்போது அதில் பெருமை எதுவும் இல்லை. மட்டை பிடிக்கும் வரிசைப்படி எண் கொடுத்தார்கள், அவ்வளவுதான். மூன்றாவதாக வரும் பேப் ரூத்துக்கு 3, நான்காவதாக வரும் லூ கெரிக்குக்கு 4. பத்து வருடம் கழித்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நோய் கெரிக்கைத் தாக்கியது. 1939 ஜூலை 4 அன்று அவருக்கு மைதானத்தில் பிரிவு விழா நடந்தது. இனி 4 யாருக்கும் இல்லை என்று கிளப் அறிவித்தது. மேஜர் லீக்கில் முதன்முதலாக ஓய்வு பெற்ற எண் அதுதான். இன்றைக்கு யாங்கீஸில் 1 முதல் 9 வரை ஒரு எண்கூட மிச்சமில்லை. எல்லாம் யாராவது ஒருவர் பெயரில் ஒதுக்கப்பட்டுவிட்டன.

இதெல்லாம் அந்தந்த கிளப்பின் சொந்த முடிவு. ஒரு கிளப் ஒதுக்கிய எண்ணை அடுத்த கிளப்பில் தாராளமாக அணியலாம். லீக் முழுவதும், அதாவது 30 அணிகளும் சேர்ந்து ஒதுக்கி வைத்த எண் பேஸ்பாலில் ஒன்றே ஒன்றுதான். ஜாக்கி ராபின்சன் அணிந்த 42.

அது ஏன் என்று புரிந்தால்தான் 21-ஐப் பற்றிப் பேச முடியும்.

1880-களுக்குப் பிறகு சுமார் அறுபது ஆண்டுகள் கறுப்பின மக்களை மேஜர் லீக்கில் ஆடவிடவில்லை. எழுதப்பட்ட சட்டம் எதுவும் கிடையாது. முதலாளிகள் எல்லோரும் ஒத்துப்போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். புரூக்ளின் டாட்ஜர்ஸ் கிளப்பின் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி என்பவர் அந்தக் கதவைத் திறந்தார். ஜாக்கி ராபின்சன் 1946-இல் மான்ட்ரியலில் இருந்த அதன் கீழ்நிலை அணியில் ஆடினார். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் மைதானத்தில் இறங்கினார். வசவுகள், கொலை மிரட்டல்கள், வேண்டுமென்றே உடம்பைக் குறிவைத்து வீசப்பட்ட பந்துகள் எல்லாவற்றையும் பதிலடி கொடுக்காமல் தாங்கிக்கொண்டார். சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 1997 ஏப்ரல் 15 அன்று, அதிபர் கிளின்டன் முன்னிலையில் 42-ஐ லீக் முழுவதும் ஒதுக்குவதாக அறிவித்தார்கள்.

ஆக, 42 வெறும் பாராட்டுப் பத்திரம் அல்ல. "நாங்கள் அறுபது வருடம் தப்பு செய்தோம்" என்று லீக் தன் மீதே எழுதிக்கொண்ட குறிப்பு.

இப்போது கிளெமென்டேயிடம் வருவோம்.

கரீபியன் கடலில் போர்ட்டோ ரிக்கோ என்ற தீவு இருக்கிறது. அமெரிக்காவின் ஆளுகையில் இருந்தாலும் மக்கள் பேசுவது ஸ்பானிஷ். அங்கே கரோலினா என்ற ஊரில் 1934 ஆகஸ்ட் 18 அன்று, ஏழு பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தார். அப்பா கரும்புத் தோட்டத்தில் மேஸ்திரி. 1954-இல் டாட்ஜர்ஸ் கிளப் அவரை ஒப்பந்தம் செய்து, ராபின்சன் ஆடிய அதே மான்ட்ரியல் அணிக்கு அனுப்பியது. கீழ் அணியில் வைத்திருக்கும் இளைஞரை வேறு கிளப் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. அதைப் பயன்படுத்தி அதே வருடக் கடைசியில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவரைக் கூட்டிக்கொண்டது. அப்போது பைரேட்ஸின் நிர்வாகி யார் தெரியுமா? ராபின்சனைக் கொண்டுவந்த அதே பிராஞ்ச் ரிக்கி! சரித்திரத்தில் இப்படிச் சில முடிச்சுகள் தானாக விழும்.

1955 முதல் 1972 வரை 18 சீசன்கள், எல்லாம் பைரேட்ஸுக்காகவே. பேட்டிங் சராசரியில் நான்கு முறை முதலிடம். சிறந்த ஃபீல்டருக்கான தங்கக் கையுறை விருது 12 முறை. 1960, 1971 இரண்டு வருடமும் உலகத் தொடர் கோப்பை. பந்தை அடித்துவிட்டு ஓடி, ஆட்டமிழக்காமல் பேஸை எட்டினால் அதை ஹிட் என்பார்கள். 1972 செப்டம்பர் 30 அன்று அவர் தன் 3000-ஆவது ஹிட்டை அடித்தார். அதுவரை பத்துப் பேர்தான் அந்தக் கணக்கைத் தொட்டிருந்தார்கள்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அவர் கறுப்பர், அதோடு ஸ்பானிஷ்காரர். இரண்டு பக்கமும் அடி. பயிற்சிக்காக ஃபுளோரிடா போனால் கறுப்பின வீரர்கள் ஓட்டலுக்குள் சாப்பிட முடியாது. பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், வெள்ளைக்கார வீரர்கள் மிச்சத்தைக் கட்டிக்கொண்டு வருவார்கள். கிளெமென்டே அதை ஏற்க மறுத்து, நிர்வாகத்தை வற்புறுத்தித் தங்களுக்குத் தனி வண்டி வாங்கினார். அவர் பேசும் ஆங்கிலத்தைச் சில பத்திரிகைகள் உச்சரிப்புப் பிசகோடு அப்படியே அச்சடித்துக் கேலி செய்தன. ராபர்ட்டோ என்ற பெயர் வாயில் நுழையவில்லையாம், "பாப்" என்று மாற்றிவிட்டார்கள். வீரர்களின் படம் போட்ட அட்டைகளில்கூட வருடக்கணக்கில் "பாப் கிளெமென்டே"தான். என் பெயர் ராபர்ட்டோ என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வகுப்பில் பெயரைச் சுருக்கியோ திரித்தோ கூப்பிட்டால் குழந்தையின் முகம் எப்படி வாடும் என்று முப்பது வருடத்துக்கு மேல் பார்த்தவள் நான். அதனால் இந்த விஷயம் எனக்கு உடனே சுருக்கென்று தைத்தது.

1971-இல் உலகத் தொடரை வென்றதும் தொலைக்காட்சி மைக்கை அவர் முன்னால் நீட்டினார்கள். நாடே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஆங்கிலத்தில் ஆரம்பிக்கவில்லை. அனுமதி கேட்டுக்கொண்டு, முதலில் தன் பெற்றோரிடம் ஸ்பானிஷில் பேசி ஆசி கேட்டார். போர்ட்டோ ரிக்கோவில் அதைக் கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்த வருடம் 1972 டிசம்பர் 23. மத்திய அமெரிக்காவில் உள்ள நிகராகுவா நாட்டின் தலைநகர் மனாகுவாவில் பெரிய நிலநடுக்கம். ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் கிளெமென்டே போர்ட்டோ ரிக்கோவின் அமெச்சூர் அணியை அழைத்துக்கொண்டு அந்த நாட்டுக்குப் போய் வந்திருந்தார். பழகிய முகங்கள். பொறுக்குமா? வீடு வீடாக நன்கொடை திரட்டி, உணவும் மருந்தும் அனுப்ப ஆரம்பித்தார். ஆனால் அங்கே ஆட்சி நடத்திய சொமோசாவின் ஆட்கள் நிவாரணப் பொருட்களை மக்களுக்குப் போகவிடாமல் சுருட்டிக்கொள்வதாகச் செய்தி வந்தது. நானே நேரில் போனால் தொடத் துணிய மாட்டார்கள் என்று முடிவு செய்தார்.

டிசம்பர் 31, புத்தாண்டுக்கு முந்தின இரவு. வாடகைக்கு எடுத்த பழைய டி.சி.-7 விமானம். அளவுக்கு மீறிய பாரம். கிளம்பிய சில நிமிடங்களில் சான் ஹுவான் கரையோரம் கடலில் விழுந்தது. அவரோடு சேர்த்து ஐந்து பேர் இருந்தார்கள், யாரும் பிழைக்கவில்லை. அவர் உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை. சக வீரரும் நண்பருமான மானி சாங்கியென், அஞ்சலிக் கூட்டத்துக்குக்கூடப் போகாமல் கடலில் இறங்கித் தேடிக்கொண்டிருந்தார். கிளெமென்டேக்கு வயது 38. மனைவி வேராவும் மூன்று சின்ன மகன்களும் வீட்டில்.

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் புகழ் மண்டபத்தில் சேர்க்கலாம் என்ற விதியைத் தள்ளி வைத்து 1973-லேயே அவரைச் சேர்த்தார்கள். லத்தீன் அமெரிக்காவிலிருந்து அங்கே இடம்பெற்ற முதல் வீரர் அவர். பைரேட்ஸ் கிளப் அதே வருடம் 21-ஐ ஒதுக்கியது. சமூக சேவை செய்யும் வீரருக்கு வருடந்தோறும் மேஜர் லீக் தரும் விருதுக்கு அவர் பெயர் வைத்தார்கள். 2002 முதல் அவர் பெயரில் ஒரு நாளும் கொண்டாடுகிறார்கள்.

இது போதாது, லீக் முழுவதும் 21-ஐ ஒதுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் சொல்லும் நியாயங்கள் லேசானவை அல்ல. இன்று மேஜர் லீக் வீரர்களில் கால் பங்குக்கு மேல் லத்தீன் இனத்தவர். அவர்களுக்கென்று லீக் முழுமைக்குமான ஓர் அடையாளம் வேண்டாமா? ராபின்சன் கதவைத் திறந்தார், அந்தக் கதவுக்குள் நுழைந்தும் அவமானப்பட்டவர்களுக்காக கிளெமென்டே குரல் கொடுத்தார், பிறருக்காக உயிரையும் கொடுத்தார், இதைவிடப் பெரிய தகுதி என்ன? அவர் குடும்பத்தாரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். மற்ற விளையாட்டுகளில் நடந்திருக்கிறதே என்றும் கேட்கிறார்கள். ஐஸ் ஹாக்கியில் வெய்ன் கிரெட்ஸ்கியின் 99 லீக் முழுவதும் 2000-இல் ஒதுக்கப்பட்டது. கூடைப்பந்தில் பில் ரஸ்ஸல் 2022 ஜூலை 31 அன்று இறந்தார், இரண்டே வாரத்துக்குள் அவருடைய 6-ஐ லீக் முழுவதும் ஒதுக்கினார்கள்.

மறுப்பவர்கள் சொல்வது, அவர் முதல் ஆள் அல்லவே என்று. உண்மைதான். போர்ட்டோ ரிக்கோவின் ஹைராம் பிதார்ன் 1942-லேயே மேஜர் லீக்கில் ஆடினார். கியூபாவின் கறுப்பின வீரர் மினி மினோசோ 1949-இல் வந்துவிட்டார். ஜாக்கி ராபின்சனின் மகள் ஷரோன் ராபின்சனும், அப்பாவுக்குச் செய்த மரியாதை லத்தீன் வீரர்களுக்கும் சேர்த்துத்தான், அந்த நோக்கம் நிறைவேறிவிட்டது என்ற பொருளில் 2006-இல் கருத்துச் சொன்னார். அது அப்போது பலருக்கு வருத்தம் தந்தது.

இரண்டு பக்கமும் கேட்டாயிற்று. இனி என் கருத்து. ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

21-ஐ லீக் முழுவதும் பூட்டி வைக்க வேண்டாம் என்பதுதான் என் பக்கம். அவருக்குத் தகுதி இல்லை என்பதால் அல்ல. அவருக்கு அது சரியான மரியாதை இல்லை என்பதால்.

வருகைப் பதிவேட்டை யோசித்துப் பாருங்கள். 21-ஆம் எண்ணில் எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் பள்ளியை விட்டுப் போனதும் அந்த எண்ணை நாங்கள் காலியாக விட்டதில்லை. ஜூன் மாதம் அதில் இன்னொரு பிள்ளை வந்து உட்காரும். "போன வருஷம் இந்த நம்பர்ல இருந்த அண்ணன் யார் தெரியுமா" என்று நான் சொல்வேன். அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும். இடம் காலியாக இருந்தால் அந்தக் கதையை யாரிடம் சொல்வது?

பேஸ்பாலிலும் இதுதான் நடந்தது. டொமினிக்கன் நாட்டின் சாமி சோசாவும் போர்ட்டோ ரிக்கோவின் கார்லோஸ் டெல்காடோவும் கிளெமென்டேயை நினைத்தே 21 அணிந்தார்கள். ஏன் இந்த எண் என்று யாராவது கேட்கும்போதெல்லாம் அந்த விமானத்தின் கதை இன்னொரு தடவை சொல்லப்பட்டது. 42-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தடை வந்தபோது ஏற்கெனவே அணிந்துகொண்டிருந்தவர்கள் தொடரலாம் என்று விட்டார்கள். கடைசியாக அணிந்தவர் பனாமாவின் மரியானோ ரிவேரா, 2013 வரை. அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் ராபின்சனையும் எழுதினார்கள். இன்றைக்கும் 42 எப்போது உயிரோடு இருக்கிறது? வருடத்தில் ஒருநாள், ஏப்ரல் 15 அன்று எல்லா வீரர்களும் அதை அணியும்போதுதான். அன்று மட்டும்தான் ஒரு சின்னப் பையன் அப்பாவிடம் "ஏன்பா எல்லாருக்கும் ஒரே நம்பர்?" என்று கேட்பான்.

இன்னொன்று. எண்ணை ஒதுக்கியதும் கடமை முடிந்துவிட்டதாக ஒரு நிம்மதி நிர்வாகங்களுக்கு வந்துவிடுகிறது. 1972 அக்டோபர் 15 அன்று உலகத் தொடர் ஆட்டத்துக்கு முன் ராபின்சனை அழைத்து கௌரவித்தார்கள். அவர் என்ன சொன்னார்? ஒரு கறுப்பர் அணியின் மேலாளராக வருவதைப் பார்த்தால்தான் இன்னும் மகிழ்ச்சி அடைவேன் என்ற பொருளில் பேசினார். ஒன்பது நாளில் இறந்துபோனார். முதல் கறுப்பின மேலாளர் 1975-இல்தான் வந்தார். இன்று 42 எல்லா மைதானங்களிலும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் 1980-களில் சுமார் 18 சதவீதமாக இருந்த கறுப்பின அமெரிக்க வீரர்கள் இப்போது 6 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டார்கள். 2022 உலகத் தொடரில் ஆடிய இரண்டு அணிகளிலும் அமெரிக்காவில் பிறந்த கறுப்பின வீரர் ஒருவர்கூட இல்லை. சுவரில் எண் இருக்கிறது, மைதானத்தில் ஆள் இல்லை.

கிளெமென்டே விஷயத்திலும் இதைப் பார்க்கலாம். ஏழைப் பிள்ளைகளுக்காகப் பெரிய விளையாட்டு நகரம் ஒன்று கட்ட வேண்டும் என்பது அவர் கனவு. அவர் இறந்த பிறகு கரோலினாவில் அது எழும்பியது, பின்னாளில் பராமரிப்பில்லாமல் சீரழிந்தது. புகழ் மண்டபத்தில் வைத்த பட்டயத்தில் அவர் பெயரையே தப்பாகப் பொறித்தார்கள். ஸ்பானிஷ் வழக்கப்படி அப்பாவின் குடும்பப் பெயர் முன்னால், அம்மாவின் குடும்பப் பெயர் பின்னால் வரும்: ராபர்ட்டோ கிளெமென்டே வாக்கர். பட்டயத்திலோ "ராபர்ட்டோ வாக்கர் கிளெமென்டே" என்று இருந்தது. அதைத் திருத்த 2000 வரை, 27 வருடம் ஆனது. உயிரோடு இருக்கும்போதும் பெயர் தப்பு, இறந்த பிறகும் பெயர் தப்பு!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முதலில் அவர் அணிந்தது 13. பிறகு 21-க்கு மாறினார். தன் முழுப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்தாராம். ராபர்ட்டோவுக்கு 7, கிளெமென்டேக்கு 8, வாக்கருக்கு 6. கூட்டுங்கள். 21. எண் தேர்ந்தெடுத்த கதையாக இதைத்தான் சொல்கிறார்கள். அம்மாவின் பெயரும் சேர்ந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

அப்படிப்பட்ட எண்ணைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள் என்பேன். 2020-இல் ஒருநாள் பைரேட்ஸ் வீரர்கள் எல்லோரும் 21 அணிந்து ஆடினார்கள், மற்ற அணிகளில் இருந்த போர்ட்டோ ரிக்கோ வீரர்களும் அணிந்தார்கள். இப்போது செப்டம்பர் 15 அன்று விரும்பும் வீரர்கள் அணியலாம். நல்ல வழி. இன்னும் ஒரு படி மேலே போகலாம். கிளெமென்டே விருதுக்கு வருடாவருடம் 30 அணிகளும் ஆளுக்கொரு வீரரைப் பரிந்துரைக்கின்றன. யார் அந்த விருதைப் பெறுகிறாரோ அவர் அடுத்த சீசன் முழுவதும் 21 அணியட்டும். பைரேட்ஸ் தவிர மற்ற அணிகளில் அதை வெறும் எண்ணாகக் கொடுக்காமல் இப்படிச் சம்பாதிக்கும் எண்ணாக மாற்றட்டும். மருத்துவமனைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ உதவி செய்த ஒருவர் அதை அணிந்து நடக்கும்போது, அவரைப் பார்க்கிற பிள்ளைக்கு கிளெமென்டே யார் என்று புரியும். கூடவே அந்தக் கரோலினா மைதானத்தில் புல் வெட்டிப் பிள்ளைகளை விளையாட விட்டால், அவரே கேட்டது அதைத்தான்.

42 வேறு. அது லீக்கின் சொந்தப் பாவக் கணக்கு, காலியாகத்தான் இருக்க வேண்டும். 21 ஒரு மனிதர் பிறருக்கு உதவக் கிளம்பிய கணக்கு. அதை யாராவது தொடர வேண்டும்.

போர்ட்டோ ரிக்கோ மக்கள் "எங்களுக்குப் பூட்டி வைப்பதுதான் வேண்டும்" என்று ஒரே குரலில் சொன்னால், நான் வாதம் செய்ய மாட்டேன். அவர் அவர்கள் வீட்டுப் பிள்ளை. துக்கத்தை எப்படி அனுசரிப்பது என்று அந்த வீட்டார்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன், அவ்வளவே.

பொறுமையாகக் கடைசிவரை வந்தவர்களுக்கு ஒரு சின்ன வீட்டுப்பாடம். இன்று ராத்திரி உங்கள் பிள்ளைகளிடம் கிளெமென்டேயின் கதையைச் சொல்லிவிட்டு, எண்ணைப் பூட்டலாமா, கொடுக்கலாமா என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலைக் கீழே எழுதுங்கள். காரணத்தோடு எழுதினால்தான் மார்க்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்